மரப்பட்டையில் வடித்த மண்டையோடு

மரணத்தை மறந்திருப்பதற்கு மனிதன் செய்யும் முயற்சிகள் பல. அதனை நினைவிற் கொள்வதற்கு அவன் செய்யும் முயற்சிகள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, மண்டையோட்டின் உருவத்தைத் தன் கையால் வனைந்து தன் கண்முன் வைத்துக் கொள்ளுதல். உதிர்ந்த மரப்பட்டை, காய்ந்த சுரைக்குடுக்கை, கொட்டாங்கச்சி, விதை, களிமண் முதலிய இயற்கைப் பொருள்களால் மண்டையோட்டுருவம் சமைக்கும் கைவினை இக்காலத்தில் பல நாடுகளிலும் காணப்படுகின்றது. நம் தலைநகராகிய தில்லிக்கும் இது புதிதன்று. யமுனைக் கரையில் மஜ்னு கா டீலா என வழங்கும் திபெத்தியர் குடியிருப்பின் கடைகளில், எலும்பிலும் மரத்திலும் சிறுசிறு மண்டையோடுகளாகச் செதுக்கிய மணிகளைக் கோத்த மாலைகள் விற்கப்படுகின்றன. தலாய் லாமா அவர்கள் 1965 ஆம் ஆண்டில் நிறுவிய திபெத் இல்லம் லோதி சாலைப் பகுதியில் உள்ளது. அங்கே திபெத்தியத் திரைச்சீலை ஓவியங்கள் போற்றிக் காக்கப்படுகின்றன. மண்டையோட்டு முடி சூடிய காவல் தெய்வங்களை அவ்வகை ஓவியங்களிற் காண்பது வழக்கம்.

இவற்றைக் காணும் தமிழ்ப் பௌத்தரின் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. மண்டையோட்டை உருவாக்குவதும் இல்லத்தில் வைப்பதும் தருமத்துக்கு இசைந்ததாகுமா? ‘இஃது அமங்கலம்’ என்று அஞ்சுவோர் ஒருபுறம். ‘சுடுகாட்டு வேலையை நம் தலையிற் கட்டிய சாதிக் கொடுமையிலிருந்து இப்போதுதான் விடுபட்டோம், மீண்டும் எலும்பையும் ஓட்டையும் நம் பிள்ளைகள் கையில் ஏன் கொடுக்க வேண்டும்?’ என்று மனம் கசந்து கேட்போர் மற்றொருபுறம். முன்னவர்க்கு விடை கூறுதல் எளிது. பின்னவர் கேள்வியோ எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. இரண்டையும் ஆராய்வோம்.

மண்டையோடு என்பது ஒரு பொருளே. அதனால் விளையும் பயன் அதனைக் காட்டுவோன் நோக்கத்தையும் காண்போன் மனத்தையும் பொறுத்தது. தில்லி ஹவுஸ் காஸ் பகுதியில் ‘சோர் மினார்’ என்றொரு பழைய கோபுரம் நிற்கின்றது. கல்ஜி அரசர் காலத்தது என்பர். அதன் சுவரைச் சுற்றிலும் 225 துளைகள் உள்ளன. கொய்யப்பட்ட தலைகளை அத்துளைகளில் செருகி ஊரார் காண வைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1398 ஆம் ஆண்டில் தைமூர் தில்லியைச் சூறையாடியபோது தலைகளைக் குவித்துக் கோபுரம் எழுப்பினான் என்றும் கூறுவர். அரசன் காட்டும் மண்டையோடு இத்தகையது. ‘நீ எனக்கு அடங்காவிடில் உன் தலையும் இங்கே இருக்கும்’ என்பதே அது சொல்லும் சொல். அது பிறர் மரணத்தைக் காட்டி அச்சுறுத்துகின்றது. தருமம் காட்டும் மண்டையோடோ ‘இஃது உன்னுடையதே’ என்கின்றது. முன்னது பிறரை அடக்குவதற்கு. பின்னது தன்னை அடக்குவதற்கு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளின் மற்றவை தெளிவாகும்.

பகவான் புத்தர் இதுபற்றி ஏதேனும் விதித்தாரா எனின், விதித்தார். விநய பிடகத்தில் சுல்லவக்கம் என்னும் பகுதியில் ஒரு நிகழ்ச்சி கூறப்பட்டுள்ளது. எறியப்பட்ட பொருள்களையன்றி வேறொன்றையும் கொள்ளேன் என்று நோன்பு பூண்ட பிக்கு ஒருவர், மண்டையோட்டையே தமது பிச்சைப் பாத்திரமாகக் கொண்டு திரிந்தார். அதனைக் கண்ட பெண்ணொருத்தி, பிசாசு வந்ததென நடுங்கிக் கூவினாள். மக்களும் சாக்கிய புத்திரர் இவ்வாறு செய்யலாமோ என்று பழித்தனர். செய்தி பகவானிடம் எட்டிற்று. பிக்குகள் மண்டையோட்டுப் பாத்திரம் கொள்ளலாகாது என்று அவர் விதித்தார்.

இவ்விதியின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். எலும்பு தீட்டு என்று பகவான் கூறவில்லை. தொட்டால் குளிக்க வேண்டும் என்றும் கூறவில்லை. ஒரு பெண் அஞ்சினாள். அவ்வச்சத்துக்குப் பிக்குவின் நோன்பு காரணமாயிற்று. ஆகவே அந்நோன்பு ஆகாது என்றார். நோன்பியின் பெருமையினும் அப்பேதைப் பெண்ணின் மன அமைதியே அவர்க்குப் பெரிதாய்த் தோன்றியது. பிறர்க்கு அச்சம் விளைக்கும் துறவு துறவன்று என்பதே இதன் சாரம்.

மண்டையோட்டைக் கையில் ஏந்தித் திரிவதைத் தடுத்த அதே பகவான், அதனை உற்று நோக்குவதைத் தடுக்கவில்லை. சதிபட்டான சூத்திரத்தில், சுடுகாட்டில் எறியப்பட்ட உடலை ஒன்பது நிலைகளில் வைத்துச் சிந்திக்கும் முறையை வகுத்தார். உடல் வீங்குவது முதல், எலும்புகள் சங்குபோல் வெளுத்து, இறுதியில் பொடியாய் உதிர்வது வரை அச்சிந்தனை செல்கின்றது. ஒவ்வொரு நிலையிலும் ‘என் உடலும் இவ்வியல்பினதே’ என்று தன்மேல் வைத்து எண்ணவேண்டும் என்பது முறை. இங்கே அருவருப்பு நோக்கமன்று. செருக்கு அடங்குவதே நோக்கம்.

காஞ்சியில் தங்கியிருந்தவரும் விசுத்திமார்க்கம் என்னும் பெருநூலை இயற்றியவருமான ஆசிரியர் புத்தகோசர், உடலின் முப்பத்திரண்டு கூறுகளை விளக்குமிடத்துக் கூறும் உவமைகள் நம் பொருளுக்கு மிகவும் இயைந்தவை. தலையெலும்புகள், துண்டுகளைத் தைத்து இணைத்த பழைய சுரைக்குடுக்கை போன்றவை என்கிறார். முன்வரிசைப் பற்களோ களிமண் உருண்டையில் வரிசையாய்ப் பதித்த சுரைவிதை போன்றவையாம். சுரை, விதை, களிமண் ஆகிய மூன்றும் உழவர் வீட்டுக் கொல்லையில் கிடைப்பவை. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் மனத்தினாற் செய்து பார்த்ததையே இன்று கைவினைஞர் கையினாற் செய்து பார்க்கின்றனர். சுரைவிதையை ஒவ்வொன்றாக எடுத்துக் களிமண்ணிற் பதிக்கும் ஒருவன், தன் நாவினால் தன் பற்களைத் தடவிப் பார்க்காமல் இருக்க இயலுமோ? அந்நொடியில் அவன் கைவினை பாவனையாய் மாறிவிடுகின்றது.

இனி, தமிழகத்து நிலையை நோக்குவோம். நம் மணிமேகலைக் காப்பியத்தில் சக்கரவாளக் கோட்டம் என்னும் புகார் நகரத்துச் சுடுகாடு விரிவாய்க் கூறப்படுகின்றது. அங்கே மரந்தோறும் ஒரு மன்றம்; வன்னி மரத்தடியில் சுடலை நோன்பிகள், இரத்தி மரத்தடியில் உடைந்த தலைகளைத் தொகுத்து மாலையாய்த் தொடுக்கும் விரதியர். மண்டையோட்டுக் கைவினை தமிழ் மண்ணில் எத்துணைப் பழைமையானது என்பதற்கு இதுவே சான்று. அவ்விடத்திலேயே சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவனின் கதையும் வருகின்றது. தனியே கோட்டத்துள் புகுந்த அவன், தலையொன்றைக் கையிலேந்திக் கூத்தாடும் பேயைக் கண்டு, அஞ்சி ஓடித் தாய்முன் வீழ்ந்து உயிர் துறந்தான். ஒரே சுடுகாடு, அதே மண்டையோடு. விரதியர்க்கு அது மாலையாயிற்று. சிறுவனுக்கு அது காலனாயிற்று. சாத்தனாரோ இவ்விரண்டு வழியிலும் மணிமேகலையைச் செலுத்தவில்லை. சுடுகாட்டின் இயல்பை அறிந்த அவளைப் பசிப்பிணி நீக்கும் அமுதசுரபியின் பக்கம் செலுத்துகின்றார். மரணத்தை அறிந்தவள் செய்யத்தக்க செயல் உயிர்களுக்குச் சோறிடுதல் என்பது அக்காப்பியத்தின் துணிபு.

மண்டையோட்டால் வித்தை காட்டுவோர்க்கும் பௌத்த மரபில் விடை உண்டு. வங்கீசர் என்பார் துறவு பூணுமுன் மண்டையோட்டை விரலால் தட்டிப் பார்த்து, இறந்தவர் எங்கே பிறந்தார் என்று சொல்லிப் பொருள் ஈட்டியவர். தம்மபத உரை கூறுவதாவது: பகவான் அவர்முன் ஐந்து மண்டையோடுகளை வைத்தார். நான்கைத் தட்டிச் சரியாய்க் கூறிய வங்கீசர், ஐந்தாவதைத் தட்டித் தட்டிப் பார்த்தும் ஒன்றும் அறியாது திகைத்தார். அஃது அவா அறுத்த அருகந்தரின் தலை. அவர் செல்லுமிடம் எதனாலும் சுட்டிக் காட்டப்படாது. ஓட்டில் மறைபொருள் தேடுவோர்க்கு இதனினும் நயமான மறுப்பு வேறில்லை. ஆகவே மண்டையோட்டுருவை வாயிற்படியிற் கட்டித் தொங்கவிட்டுக் கண்ணேறு கழிப்பதும், அதற்குக் குங்குமம் இடுவதும், அதனிடம் வரம் கேட்பதும் நமக்கு முற்றும் விலக்கு. திருஷ்டிப் பூசணியை வாயிலினின்று அகற்றிவிட்டு அதே ஆணியில் மண்டையோட்டை மாட்டுவோமாயின், நாம் மதம் மாறியதாகச் சொல்வது வெறும் பெயரளவே.

நிற்க. இப்பாவனையில் ஓர் அபாயமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. வைசாலியில் பகவான் உடலின் அசுபத் தன்மையைப் போதித்துத் தனிமையிற் சென்றிருந்த வேளையில், அதனை அளவின்றிப் பயின்ற பிக்குகள் பலர் தம் உடலையே வெறுத்து உயிர் மாய்ந்தனர் என்று விநய பிடகம் வெளிப்படையாய்க் கூறுகின்றது. திரும்பி வந்த பகவான் எஞ்சியோரை ஒருங்கு கூட்டி, மூச்சை நோக்கும் ஆனாபானசதியைக் கற்பித்தார். மரணத்தை நினைத்தல் மருந்து போன்றது. அளவு மீறின் நஞ்சாகும். துயரிலும் சோர்விலும் ஆழ்ந்திருப்போர் முன் மண்டையோட்டைக் கொண்டு நிறுத்துதல் தருமமன்று. அவர்க்கு வேண்டுவது மைத்திரியும், நல்லோர் துணையும், வேண்டின் மருத்துவமும் ஆகும். குழந்தை அஞ்சும் வீட்டிலும், அண்மையில் ஒருவரை இழந்த வீட்டிலும் இவ்வுருவை வையாதிருத்தலே அறிவு.

அடுத்து, செய்பொருளைப் பற்றிச் சிந்திப்போம். மண்டையோட்டைக் காட்டி அநித்தியத்தைப் போதிக்க விரும்புவோன், அதன்பொருட்டு ஓர் உயிர்ப்பொருளை அழிப்பானாயின் அது முரண்பாடு. மரத்தின் புறப்பட்டைக்கு உள்ளே, இலைகள் சமைத்த உணவை வேருக்குக் கொண்டு செல்லும் மெல்லிய அடுக்கு ஒன்று உள்ளது. அடிமரத்தைச் சுற்றி வளையமாய்ப் பட்டையை உரித்தால் வேர் உணவின்றி வாடும், மரமும் மடியும். மரத்தை வெட்டிய ஆளவிப் பிக்குகளைக் கண்டித்து, பிக்குகள் செடிகொடிகளுக்கு ஊறு செய்யலாகாது என்று பகவான் விதித்தமை பாதிமோக்கத்துள் அடங்கியுள்ளது. அவ்விதி பிக்குகளுக்குரியதாயினும் அதன் கருணை இல்லறத்தார்க்கும் உரியதே.

மரம் தானாகவே உதிர்ப்பதைக் கொள்ளுவதில் இக்குற்றமில்லை. தில்லியின் ஜன்பத் சாலை மருத மரங்களுக்குப் பெயர் பெற்றது. மருதம் தன் வெளிறிய சாம்பல்நிறப் பட்டையைத் தகடு தகடாய் உதிர்க்கும் இயல்புடையது. யூகலிப்டஸ் மரமும் அவ்வாறே பட்டையை நாராய்க் கழற்றி எறிகின்றது. இவ்வுதிரிகளைப் பொறுக்கி, காய்ந்த சுரைக்குடுக்கையின்மேல் கருவேலம் பிசினால் ஒட்டி, கண்குழிகளைக் குடைந்து, விதைகளைப் பற்களாய் அமைத்தால் மண்டையோட்டுருவம் அமைந்துவிடும். விலைகொடுத்து வாங்க வேண்டியது யாதுமில்லை. குப்பையிலிருந்து கந்தை பொறுக்கித் தைத்த சீவரத்தைப் பாம்சுகூலம் என்று போற்றியது நம் சங்கம். இக்கைவினையும் ஒருவகைப் பாம்சுகூலமே. ஆனால் மருதம்பட்டை இதயநோய் மருந்துக்கு உதவுவதால் நின்ற மரத்தையே உரித்து விற்போரும் உளர். அத்தகைய பட்டையை விலைக்கு வாங்கிச் செய்யும் உருவம் எத்துணை அழகாயினும், அதில் ஓர் உயிரின் இழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மரப்பட்டை தருமத்துக்குச் செய்துள்ள தொண்டையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1931 ஆம் ஆண்டில் கில்கித் அருகே பழைய பௌத்தக் கட்டடம் ஒன்றன் இடிபாட்டிலிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதிய சுவடிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 5, 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவற்றுள் ஒரு பெரும்பகுதி தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. மூலசர்வாஸ்திவாதிகளின் விநய நூலும் அவற்றுள் அடங்கும். எழுதிய கை எலும்பாகி மண்ணாயிற்று. மரம் உரிந்த தோலில் தருமம் நின்றது. எனினும் பட்டையையே புனிதம் எனக் கொள்ளவும் வேண்டா. மரப்பட்டையை உடுத்தியிருந்தமையால் மக்களால் ஞானியென வணங்கப்பட்ட பாகியர், உண்மை ஞானத்துக்காகப் பகவானைத் தேடி நெடுந்தூரம் நடந்து வர வேண்டியதாயிற்று. உடையும் உருவமும் ஞானம் தாரா.

இயற்கைப் பொருளைக் கொள்வதில் இன்னுமொரு சிறப்பு உண்டு. அஃது உண்மை மண்டையோட்டை நாடாமை. நம் நாட்டிலிருந்து மனித எலும்புக்கூடுகள் பல்லாண்டுக் காலம் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. 1985 ஆம் ஆண்டில் அரசு அவ்வணிகத்தைத் தடை செய்தது. யாருடைய எலும்புகள் அவை? சந்தனக் கட்டையில் எரிக்கப்பட்டவருடையன அல்ல. விறகுக்கும் வழியற்ற ஏழையர், கேட்பாரற்றோர் ஆகியவருடையனவே பெரும்பாலும். உயிரோடிருந்தபோது உழைப்பைப் பறிகொடுத்தவன் செத்தபின் எலும்பையும் பறிகொடுத்தான். ஆதலின் அழகுப்பொருளுக்காக மனித எலும்பை விலைபேசுதல் எவ்வகையிலும் பொருந்தாது. சுரையும் பட்டையும் அவ்விழிவினின்று நம்மைக் காக்கின்றன.

இப்போது முதலிற் குறித்த கசந்த கேள்விக்கு வருவோம். பிணம் சுடுதல், குழி தோண்டுதல், சாப்பறை அடித்தல், இறந்த மாட்டை இழுத்தல் ஆகியவை நம் முன்னோர்மேல் பிறப்பின் பேரால் சுமத்தப்பட்டன. எல்லார் வீட்டுப் பிணமும் வெட்டியான் கையாலன்றி எரியாது. ஆனால் எரித்து முடித்த அக்கை தீண்டத்தகாத கையாயிற்று! பல சிற்றூர்களில் இக்கொடுமை இன்னும் ஒழியவில்லை. இதனை அனுபவித்தவர்களின் மக்கள் மண்டையோட்டைக் கண்டு முகம் திருப்பினால் அதனை மூடநம்பிக்கை என்று நாம் இகழலாகாது. அது புண்பட்ட மானத்தின் குரல்.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இழிவு எங்கே இருந்தது? எலும்பில் இருந்ததா, கட்டாயத்தில் இருந்ததா? எலும்பில்தான் இழிவு என்று ஒப்புக்கொண்டால், நம்மை இழிந்தவர் என்றவன் கூற்றை நாமே மெய்ப்பித்தவராவோம். 1898 ஆம் ஆண்டில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர், நம்மவர் தாழ்வு பிறப்பில் வந்ததன்று, பகைவரால் சுமத்தப்பட்டது என்று வாழ்நாள் முழுதும் எழுதினார். 1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தருமம் தழுவிய பாபாசாகேப் அம்பேத்கர், அவ்வாண்டு டிசம்பர் 6 ஆம் நாள் தில்லி அலிப்பூர் சாலை 26 ஆம் எண் இல்லத்தில் பரிநிர்வாணம் எய்தினார். 2018 ஆம் ஆண்டு முதல் தேசிய நினைவகமாய் விளங்கும் அவ்விடத்துக்கு நாம் செல்லும்போது சாவுத் தீட்டு எண்ணி எவரும் குளிப்பதில்லை. பிப்ரஹ்வாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டுத் தில்லித் தேசிய அருங்காட்சியகத்தின் பொறுப்பிலுள்ள புனித தாதுக்கள் யாவை? எலும்புத் துண்டுகளே. அவற்றின்முன் உலகத்துப் பௌத்தர் அனைவரும் தலை வணங்குகின்றனர். எலும்பு தீட்டாயின் தூபி அனைத்தும் தீட்டாகும். சாஞ்சியும் அநுராதபுரமும் தீட்டாகும். எலும்புக்குத் தீட்டில்லை என்று உலகுக்குச் சொன்னது நம் தருமம்.

மேலும், மண்டையோட்டில் சாதி ஏது? மரப்பட்டையால் ஓர் ஓட்டை வனைந்து மேசைமேல் வைத்து, ‘இது எந்த வருணத்தான் தலை?’ என்று ஒரு சாதிமானைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடையாது. தோலிலும் பெயரிலும் தெருவிலும் காட்டிய வேற்றுமையெல்லாம் ஓட்டில் காணாமற் போகின்றது. கட்டாயத்தால் பிணம் தொட்ட கை வேறு. தன் விருப்பால், உதிர்ந்த பட்டையைக் கொண்டு, சமத்துவத்தின் உருவை வனையும் கை வேறு. முன்னதை ஒழிக்க நாம் இறுதிவரை போராடுவோம். பின்னதை அதனோடு ஒன்றாக எண்ணி ஒதுக்க வேண்டுவதில்லை. எனினும் ஒருவர்க்கு மனம் ஒவ்வாதெனின் அவரை வற்புறுத்தலும் ஆகாது. கட்டாயம் எந்த உருவில் வந்தாலும் கட்டாயமே.

இறுதியாக, செருக்கைப் பற்றி ஒரு சொல். 2007 ஆம் ஆண்டில் இலண்டனில் டேமியன் ஹர்ஸ்ட் என்னும் கலைஞர், பிளாட்டினத்தில் வார்த்த மண்டையோட்டின்மேல் 8,601 வைரங்கள் பதித்து, 5 கோடி பவுன் விலை கூறிக் காட்சிக்கு வைத்தார். அதற்கு முந்திய ஆண்டில், தில்லியை அடுத்த குருகிராமத்தில் பணியாற்றும் சுபோத் குப்தா, எவர்சில்வர்ப் பாத்திரங்களை அடுக்கி ஒரு மாபெரும் மண்டையோட்டை அமைத்து, ‘மிகப் பசித்த கடவுள்’ என்று பெயரிட்டுப் பாரிஸில் வைத்தார். வெற்றுப் பாத்திரங்களாலான அத்தலை காண்போனுக்குப் பசியை நினைவூட்டுகின்றது. அவ்வளவில் அது மணிமேகலையின் பக்கம் நிற்பது. வைரத் தலையோ, மரணத்தையும் விலைகொடுத்து மின்னச் செய்யலாம் என்னும் மயக்கத்தையே வளர்க்கக் கூடும். வைரம் எளிதில் அழியாது; ஆகவே அநித்தியத்தைப் போதிக்க அதனால் இயலாது.

மரப்பட்டைத் தலைக்கு அக்குறையில்லை. சில மழைக்காலம் கடந்தால் பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும், கரையான் அரிக்கும். ‘எவ்வளவு பாடுபட்டுச் செய்தோம், கெட்டுவிட்டதே’ என்று வருந்துவோன் தான் செய்ததன் பொருளைத் தானே அறியாதவன். கெடுவதுதான் அதன் கடைசிப் போதனை. அதற்கு வண்ணெண்ணெய் பூசிக் காக்க முயலாது, காலம் வந்தபோது ஒரு மரத்தின் அடியில் இட்டு மண்ணோடு சேர்த்துவிடுதலே முறை. பட்டை உரமாகும், சுரைவிதைகளுள் ஒன்று முளைப்பினும் முளைக்கும்.

ஆகவே நம் துணிபு இது. பிறரை அச்சுறுத்தாமல், மந்திரப் பொருளாக்காமல், மரத்துக்கும் மனிதர்க்கும் ஊறு செய்யாமல், செருக்குக்கு இடமின்றி, விரும்பியவர் தம் விருப்பால் வனையும் மண்டையோட்டுருவம் தருமத்துக்கு இசைந்ததே. அதனை வனைந்தவன் அதன்முன் கைகூப்ப வேண்டுவதில்லை. நாடோறும் ஒருமுறை அதனை நோக்கி, ‘இவ்வாறு ஆகுமுன் இன்று யாருக்கு என்ன நன்மை செய்தேன்?’ என்று தன்னைத்தான் வினவிக் கொண்டால் போதும். அவ்வினாவுக்கு விடையாக ஒரு பிடி சோறோ, ஓர் இன்சொல்லோ, அநீதிக்கு எதிரான ஒரு குரலோ எழுமாயின், உதிர்ந்த பட்டை தன் பயனை எய்திற்று எனலாம்.